லண்டன் ஓ.எல். முடிந்தது, அடுத்த இரண்டு வருடம் எங்கே? கிழக்கிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் பிற்பகுதியில் லண்டன் ஓ.எல். பெறுபேறு, அதாவது சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் பிரித்தானியச் சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறு வந்து இரண்டு நாள் கழிந்தால் என் வீட்டு விறாந்தைப் படியில் செருப்புகள் கூடிவிடும். கல்லடியிலிருந்தும் வருவார்கள், கல்முனையிலிருந்தும் வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "சேர், பிள்ளையை இனி எதில் விடுவது?" நான் இரசாயனவியல் படிப்பிப்பவன். உள்ளூர்ப் பாடவிதானம், லண்டன் பாடவிதானம் இரண்டுக்கும் வகுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் ஒரே சொல்லில் பதில் வைத்திருப்பேன் என்று நம்பி வருகிறார்கள். அப்படி ஒரு சொல் என்னிடம் இல்லை.

சென்ற முறை கல்லடியிலிருந்து வந்த ஒரு தந்தை சி.ஆர். கொப்பி ஒன்றை மேசையில் விரித்தார். நான்கு நிரல்கள்: உள்ளூர் உயர்தரம், இங்கேயே இருந்து லண்டன் ஏ.எல்., கொழும்புக்குப் போய் லண்டன் ஏ.எல்., ஏ.எல். இல்லாமல் நேரே பவுண்டேஷன் (பட்டப்படிப்புக்கு முந்திய ஆயத்தக் கற்கைநெறி). ஒவ்வொன்றின் கீழும் மாதக் கட்டணத்தை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். நான் கொப்பியை வாங்கி, கட்டணத்துக்கு மேலே ஐந்து வரிகள் சேர்த்தேன்.

## முதலில், எதைக் கொண்டு அளப்பது?

முதல் வரி, போகும் இடம். பிள்ளை எந்தப் பட்டத்தை, எந்த நாட்டில், யாருடைய காசில் படிக்கப்போகிறாள்? மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான். நம்மவர்களோ இதை ஏ.எல். பெறுபேறு வந்தபிறகுதான் பேசத் தொடங்குகிறார்கள்.

அடுத்து மொழி: எந்த மொழியில் யோசிக்கிறாள், எந்த மொழியில் எழுதப்போகிறாள். பிறகு காலம்: பல்கலைக்கழக வாசலை எத்தனை வயதில் மிதிப்பாள். அதன்பிறகு, சறுக்கினால் எழும்ப என்ன வழி. ஐந்தாவதாக, இந்த ஊரில் ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைக்குமா.

கட்டண வரியை அழிக்கவில்லை, திருத்தினேன். மாதக் கட்டணத்தைப் போடக் கூடாது. இன்றிலிருந்து பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் பிள்ளை உட்காரும் முதல் நாள் வரை கையைவிட்டுப் போகும் மொத்தத் தொகையைப் போட வேண்டும். அதில் எவ்வளவு ரூபாய், எவ்வளவு வெளிநாட்டு நாணயம் என்றும் பிரிக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஆண்டு பிள்ளைக்கு லண்டன் பரீட்சைக் கட்டணம் கட்டியவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

## உள்ளூர் உயர்தரம்

சர்வதேசப் பாடசாலைப் பெற்றோரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கும். பதினொரு வருடம் காசு கொட்டிப் படிப்பித்துவிட்டுத் திரும்ப அரசாங்கப் பாடசாலையா? அவர்களது மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது. ஆனால் கிழக்கில் வாழும் குடும்பத்துக்கு இந்த வழியில் ஒரு சொத்து இருக்கிறது. தங்கள் முகவரிதான் அது என்பது பலருக்குத் தெரியாது.

அரச பல்கலைக்கழகங்களில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் நமது மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடப் பெரும்பாலும் கீழே நிற்பது இதனால்தான். லண்டன் ஏ.எல். எழுதும் பிள்ளைக்கு இசட் புள்ளி, அதாவது அனுமதிக்காக உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி, கிடையாது. இசட் புள்ளி இல்லையென்றால் அரச பல்கலைக்கழகங்கள் இருக்கும் வந்தாறுமூலையும் இல்லை, ஒலுவிலும் இல்லை, பேராதனையும் மொரட்டுவையும் இல்லை. கட்டணத்தை ஒப்பிடும்போது இந்த இழப்பையும் ஒரு தொகையாக எழுதுங்கள். உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ காசு கட்டிப் படிக்கும் பட்டத்தின் விலை எதுவோ, அதுதான் அந்தத் தொகை.

வெளிநாட்டில் வாழ்ந்து அங்கேயே படித்துப் பரீட்சை எழுதிய இலங்கைப் பிள்ளைகளுக்கு மிகச் சிறிய தனி ஒதுக்கீடு ஒன்று உண்டு. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகளோடு திரும்பிய பெற்றோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியைத் தேடி வாசிக்க வேண்டும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு லண்டன் ஏ.எல். எழுதும் பிள்ளை அதை நம்பியிருக்கக் கூடாது.

இன்னொரு விடயம். உள்ளூர் உயர்தரம் உள்நாட்டுக்கு மட்டுமே உதவும் என்ற எண்ணம் பிழை. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, மலேசியா ஆகிய நாடுகளில் பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது மொழி. அந்தத் தந்தையோடு வந்த மகளிடம் தமிழ்மொழி மூல வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். நியமிப்பு பற்றிய கேள்வி. சத்தமாக வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள். பாதியில் நிமிர்ந்து, "சேர், அளவி என்றால் என்ன?" என்றாள். "பியூரெட்." "அப்படியென்றால் குழாயி?" "பிப்பெட்." சிரித்துவிட்டாள். கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய பிள்ளை. இரண்டு சொற்கள் அவளைக் கேள்வியின் வாசலிலேயே நிறுத்திவிட்டன. பௌதிகவியலில் ஆர்முடுகல் வரும், கதிக்கும் வேகத்துக்கும் வேறுபாடு வரும். இதற்கு யூடியூப்பில் மருந்து தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடங்களில் ஒட்சியேற்றம் ஆக்சிஜனேற்றமாகவும், தாழ்த்தல் ஒடுக்கமாகவும் வரும். இரண்டையும் கலந்து படித்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் திணறும்.

ஆங்கிலத்திலேயே உள்ளூர் உயர்தரம் எழுதலாம், பரீட்சைத் திணைக்களம் அனுமதிக்கிறது. ஆனால் விஞ்ஞானத்தை ஆங்கிலமொழி மூலம் இரண்டு வருடமும் தளராமல் கற்பிக்கும் வகுப்புகள் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நல்ல ரியூசன் எல்லாம் தமிழில்தான் நடக்கிறது.

இரண்டாவது, பாடச்சுமை. உள்ளூர் இரசாயனவியலின் முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், இரண்டு மணித்தியாலம். லண்டன் பரீட்சை நடத்தும் சபைகளில் ஒன்றான எடெக்செலின் முதல் அலகில் பல்தேர்வு 20தான், அதுவும் நான்கு விடைகள். லண்டன் ஓ.எல்.லில் அதியுயர் தரமான ஒன்பதை எடுத்த பிள்ளை உள்ளூர் உயர்தரத்தின் முதல் தவணையில் 40 எடுத்தால் பெற்றோர் பதறக் கூடாது. ஆறு மாதம் பொறுக்க முடியாதவர்கள் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது காலம். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. நவம்பரில் வைத்தால் கிழக்கில் மழை. 2024 நவம்பர் இறுதியில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சில நாட்கள் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு டித்வா புயலில் அதே கதை. அதற்குப்பிறகு பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டும். பரீட்சையை மூன்று முறை எழுதலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் மூன்றாம் முறை எழுதி மருத்துவபீடம் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், மூன்றாம் முறையும் எழுதிவிட்டு இருபத்திரண்டு வயதில் வெறுங்கையோடு நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு இது பொருந்தும்? மருத்துவமோ பொறியியலோதான் வேண்டும், வெளிநாட்டில் காசு கட்டிப் படிப்பிக்க வீட்டில் வழியில்லை, பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு ஓரளவு இருக்கிறது என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சேரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். லண்டன் ஓ.எல். பெறுபேற்றோடு 12ஆம் தரத்தில் சேர்ப்பார்களா, எந்த நிபந்தனையில் என்று அதிபரிடம் எழுத்திலே கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

## இங்கேயே இருந்து லண்டன் ஏ.எல்.

பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டு, தன் கட்டிலில் படுத்து, ஆங்கிலத்திலேயே தொடர்ந்து படிக்கும். மே–ஜூனில் எழுதினால் ஆகஸ்டில் பெறுபேறு, செப்டெம்பரில் பல்கலைக்கழகம். கால வரியில் இதை வெல்ல உள்ளூர் வழியால் முடியாது.

இங்கே முதல் முடிவு எந்தச் சபையின் பரீட்சை என்பது. பலர் பாடசாலை சொன்னதை அப்படியே ஏற்கிறார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப்போகும் விஞ்ஞானப் பிள்ளைக்கு இது சின்ன விடயம் அல்ல.

| | எடெக்செல் | கேம்பிரிட்ஜ் |
|---|---|---|
| பரீட்சைக் காலம் | ஜனவரி, மே–ஜூன், ஒக்டோபர் | மே–ஜூன், ஒக்டோபர்–நவம்பர் |
| திரும்ப எழுதுதல் | ஒரு அலகை மட்டும் எழுதலாம் | ஏ.எஸ். (ஏ.எல்.லின் முதல் பாதி) புள்ளியைக் கொண்டுபோகலாம், விரும்பிய ஒரு வினாத்தாளை மட்டும் தனியே எழுத முடியாது |
| விஞ்ஞானச் செய்முறை | 3ஆம், 6ஆம் அலகுகள், எழுத்துப் பரீட்சை | 3ஆம் வினாத்தாள், ஆய்வுகூடத்தில் |

மூன்றாவது வரியைத் திரும்ப வாசியுங்கள். என் தங்கையின் மகன் ஒரு தனியார் நிலையத்தில் கேம்பிரிட்ஜ் பௌதிகவியலுக்குப் படித்தான். அந்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பரீட்சைக்குப் பதியும் நேரத்தில்தான், செய்முறைப் பரீட்சைக்கு வெளிப்பிள்ளைகளை எடுக்கும் ஆய்வுகூடத்தை அவர்கள் தேடத் தொடங்கினார்கள். கிடைக்கவில்லை. அவன் எடெக்செலுக்கு மாறினான், ஒரு தவணை போனது. ஒன்றரை வருடம் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த யாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லத் தோன்றவில்லை.

எடெக்செலுக்கும் அதன் பொறிகள் உண்டு. ஒரு விஞ்ஞானப் பாடத்துக்கு ஆறு அலகுகள்: முதல் பாதி மூன்று, இரண்டாம் பாதி மூன்று. மூன்று பாடத்துக்குப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், அது பிரித்தானியப் பவுணின் விலையோடு ஏறி இறங்கும். திரும்ப எழுதலாம் என்ற வசதி இனிப்பானது. ஜனவரியில் இரண்டு, மேயில் மூன்று, ஒக்டோபரில் இன்னும் ஒன்று என்று எழுதிக்கொண்டே போகலாம், கூடிய புள்ளியைத்தான் எடுப்பார்கள். ஆனால் திரும்ப எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு பற்றுச்சீட்டு. அதியுயர் தரமான ஏ ஸ்டாருக்கு மொத்தம் 600இல் 480 மட்டும் போதாது, இரண்டாம் பாதி அலகுகளில் 90 வீதமும் வேண்டும். முதல் பாதியைத் திரும்பத் திரும்ப எழுதி மொத்தத்தை உயர்த்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லா அலகும் எழுதி முடித்த பிறகு, முழுப்பாடத்துக்கான தரத்தைத் தரும்படி பதிவின்போதே கேட்க வேண்டும். காஷ்-இன் என்பார்கள். அதைக் கேட்காமல் விட்டால் ஆகஸ்டில் அலகுப் புள்ளிகள் வரும், பாடத்துக்கான தரம் வராது. பாடசாலையினூடாகப் பதிபவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்துவார்கள். தனியே பதியும் பிள்ளைக்கு ஞாபகப்படுத்த ஆளில்லை.

பரீட்சை மண்டபம் எந்த ஊரில் என்பதையும் பதியும் முன் கேளுங்கள். கொழும்பு என்றால், வினாத்தாள்கள் மே, ஜூன் இரண்டு மாதத்திலும் பரந்து கிடக்கும். ஒன்று எழுதிவிட்டு ஊர் திரும்புவதா, அங்கேயே தங்குவதா? பாடுமீன் இரவு ரயிலில் வந்து இறங்கிய பிள்ளை அன்று காலையே இரசாயனவியல் எழுத முடியாது. ஒரு நாள் முன்னே போக வேண்டும். தங்குமிடம், கூடப்போகும் பெரியவரின் லீவு எல்லாம் அந்தக் கொப்பியில் ஏற வேண்டிய தொகைகள்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போகும், ஐந்து தெரிவுகள். மருத்துவத்துக்கும், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் ஒக்டோபர் நடுப்பகுதியில் முடிவு திகதி, மற்றவற்றுக்கு ஜனவரியில். பரீட்சைக்கு முன்பே எதிர்பார்க்கும் பெறுபேற்றையும் பரிந்துரைக் கடிதத்தையும் ஆசிரியர் தர வேண்டும். ரியூசனில் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இவற்றை யார் எழுதுவது என்று முதல் வருடமே கேட்டு வையுங்கள்.

ஆசிரியர் வரியில் நேர்மையாகச் சொன்னால், கணிதமும் வர்த்தகப் பாடங்களும் இங்கே சமாளிக்கலாம். விஞ்ஞானத்தில் வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் நின்றுவிட்டால் வகுப்பே நின்றுவிடும். சூமில் கொழும்பு ஆசிரியரைப் பிடிப்பவர்கள் அதிகம். அது நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான்.

உள்நாட்டுத் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ படிப்பிக்கப் பணம் உறுதியாக இருக்கிறது, பிள்ளை ஆங்கிலத்திலேயே வளர்ந்தவள், கணினி, வர்த்தகம், சட்டம் போன்ற துறை என்றால் இந்த வழி நல்லது. "பணம் எப்படியும் வரும்" என்பது உறுதி ஆகாது.

## கொழும்புக்குப் போய்

ஆய்வுகூடமும், பழகிய ஆசிரியர்களும், விண்ணப்பம் எழுத உதவும் ஆளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானம்தான் வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் வழி.

விலை, குடும்பம். வெள்ளவத்தையில் பிள்ளைக்கு ஒரு அறை எடுத்தால் முற்பணம், மாத வாடகை, சாப்பாட்டுப் பார்சல். ஆறு மாதத்தில் பெரும்பாலும் அம்மாவும் போய்விடுவார். அங்கே ஒரு அடுப்பு, இங்கே ஒரு அடுப்பு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தந்தை இரண்டு வருடம் கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளினார். மகளின் பெறுபேறு வந்த அதே மாதம் அவருக்கு நீரிழிவு என்று சொன்னார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு ரயிலும் இல்லை, இரவு பஸ்தான்.

பலர் அறியாத ஒன்று: கொழும்புக்குப் போன பிறகு மனம் மாறி அங்கே உள்ளூர் உயர்தரம் எழுதினால் மாவட்டமும் மாறக்கூடும். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டப் பாடசாலையில் கூடுதல் காலம் படித்தார் என்றுதான் பார்ப்பார்கள். மேலே சொன்ன சொத்தை வெள்ளவத்தை அறையில் தொலைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

கொழும்பில் நம்பிக்கையான உறவுக்காரர் வீடு இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால், ஓ.எல். காலத்தைப் போலவே எல்லாம் இருக்கும் என்ற நினைப்பில் மட்டும் போகாதீர்கள்.

## ஏ.எல். இல்லாமல் பவுண்டேஷன்

விளம்பரம் கவர்ச்சியாக இருக்கும்: பத்தொன்பது வயதில் பட்டத்தின் பாதி. கணினித்துறைக்கோ வர்த்தகத்துக்கோ போகும், பரீட்சைக்குப் பயப்படும், ஆனால் ஒப்படைகளை ஒழுங்காகச் செய்யும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே உதவும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா. இரண்டு, உயர்தரப் பெறுபேற்றைக் கட்டாயமாகக் கேட்கும் இடங்கள் பின்னால் வரும். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இலங்கையில் மருத்துவராகப் பதிய நினைப்பவர்கள் இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்த பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும், அது கோரும் உயர்தரச் சித்தியும் வேண்டும், திரும்பி வந்து, மருத்துவராகப் பதிவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் எழுத வேண்டும். மருத்துவக் கனவோடு பவுண்டேஷன் விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் அந்த இடத்திலேயே நின்று சபையிடம் நேரே கேளுங்கள். முகவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

## இரண்டையும் எழுதலாமா?

கடைசியில் எல்லோரும் இதைக் கேட்பார்கள். வர்த்தகப் பிரிவில் முடியும். கணக்கியல், பொருளியல் இரண்டிலும் பாடப்பரப்பு ஓரளவு ஒத்துப்போகிறது. விஞ்ஞானத்தில் என்னிடம் முயன்ற பிள்ளைகளில் இரண்டிலும் நல்ல பெறுபேறு எடுத்தவர் இல்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எழுதியவர்கள் உண்டு.

முடிவெடுக்கும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குங்கள். ஒரு ஞாயிறு எடெக்செல் முதல் அலகு, அடுத்த ஞாயிறு உள்ளூர்ப் பல்தேர்வு வினாத்தாள், கடிகாரம் வைத்து. தெரியாத பாடப்பகுதிகள் இருக்கும், பரவாயில்லை. புள்ளியைப் பார்க்க வேண்டாம், பிழைகள் எந்த வகை என்று பாருங்கள்.

அந்தக் கல்லடிப் பிள்ளை உள்ளூர் வினாத்தாளில் 50இல் 19 எடுத்தாள். தந்தையின் முகம் தொங்கிப்போயிற்று. பிழையான முப்பத்தொன்றையும் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டு, இன்னும் படிக்காத பாடம். எட்டு, அவசரம். மிச்சம் பதினொன்றும் சொல் தெரியாததால் போனவை, ஆங்கிலத்தில் கேட்டவுடன் சரியாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவர் திரும்ப வந்தபோது சி.ஆர். கொப்பியில் இரண்டு நிரல்கள் வெட்டப்பட்டிருந்தன. பின்பக்கத்தில் மகளின் கையெழுத்தில் ஒரு புதிய பட்டியல் தொடங்கியிருந்தது. இடப்பக்கம் பியூரெட், வலப்பக்கம் அளவி.